குலமும் பொருளும் மறித்த காதற் பாட்டு

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, கடலையும் களப்பையும் வயலையும் ஒருங்கே கண்டு வாழும் கட்டைபறிச்சான் மக்களுக்கு நெய்தலும் மருதமும் ஏட்டளவில் நிற்கும் திணைகளல்ல. ஆதலின் நற்றிணையின் 45ஆம் பாட்டை அவர்கள் தம்மூர்ப் பாட்டாகவே கொள்ளலாம். தேர்ச்செல்வம் படைத்தவனின் மைந்தன் பரதவர் மகளை நாடி வர, மீனுணக்கும் எம்மேனி புலால் நாறும் ஆதலின் விலகி நில்லும் என்று தோழி மறுப்பதும், எம்மவருள்ளும் மேலோர் உளர் என்று நிமிர்ந்து முடிப்பதும், குலமும் பொருளும் மறித்த காதற் பாட்டுக்கெல்லாம் இன்றும் உரைகல்லாகும்.

அக்காதற் பாட்டின் பிற்காலத்து மரபு இரு கிளைகளாக நடந்தது. ஒன்று கதைப்பாட்டும் கூத்தும். உயர்குலத்து ஆரியமாலையை விரும்பிய காத்தவராயனுக்குக் கழுமரம் நாட்டப்படுகிறது. பாபநாச மலைப்புறத்து முத்துப்பட்டனோ, சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கும் பொருட்டுப் பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து செருப்புத் தைக்க அமர்கிறான். இத்துணை மகத்தான துணிவைப் பாடிய மரபே, காத்தவராயனைத் தெய்வ மைந்தனென்று கூறிச் சாந்தி செய்கிறது; பட்டன் கதையின் சில பாடங்கள் அப்பெண்களை அந்தணர் வயிற்றிற் பிறந்தவராகவே மாற்றிவிட்டன. பேராசிரியர் நா. வானமாமலை எடுத்துக்காட்டிய இம்மாற்றம் எனக்குப் பெருந்துயர் தருவது. பிறப்பைத் திருத்திய இடத்திலேயே பாட்டின் சத்தியம் குன்றிப்போகிறது.

மற்றது, கிழக்கிலங்கையின் கவி. நான்கடியில் அடங்கி, வயலிலும் வீட்டு முற்றத்திலும் பிறந்து, தமிழரும் முஸ்லிம்களும் பொதுச் சொத்தாகப் போற்றும் இக்கவியில், மச்சானும் மச்சியும் பெரும்பாலும் முறையுடையவர்கள். ஆகவே குலம் குறுக்கிடுவதில்லை. குறுக்கே நிற்பவை காணியும் மாடும் சீதனமுமே. அங்கே தெய்வம் வந்து பிறப்பு ரகசியம் உரைப்பதில்லை. வறுமை வறுமையாகவே நிற்க, தன்னை மறந்தவனின் முகத்துக்கு நேரே பெண் பேசுகிறாள். தோழியின் அந்தப் பழைய நிமிர்வு இங்கே குன்றாமல் வருவதால், கதைப்பாட்டினும் கவியையே நான் உயர்த்திக் கூறுவேன்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன், எஃப். எக்ஸ். சி. நடராசா முதலியோர் தொகுத்த நாட்டுப்பாடல்களும், பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழக’மும் (1964) பெரும்பாலும் மட்டக்களப்பையே நடுவாகக் கொண்டவை. கட்டைபறிச்சான் அடங்கிய கொட்டியாரப்பற்றிலோ 2006ஆம் ஆண்டுப் போரின் இடப்பெயர்வு ஊர்களைச் சிதறடித்தது. கவி அறிந்த மூதாட்டியரும் அருகி வருகின்றனர். கட்டைபறிச்சான் இளைஞர்களே, அவர்களிடம் சென்று கேளுங்கள். கேட்டதை இசையோடு பதிந்து, குலம் சுட்டும் சொல்லாயினும் வறுமை சுட்டும் சொல்லாயினும் ஒன்றையும் திருத்தாமல் எழுதி வையுங்கள்.