சாம்பலிற் பதிந்த வடிவம்: கோத்தியேயின் 'ஆரியா மார்செல்லா'

பேரழிவின் எச்சமாகிய ஒரு பொருள் தன்னைக் கண்டாரைப் பற்றிக்கொண்டு வருத்தும் என்னும் கருத்து ஐரோப்பியக் கதைகளிற் பலகாலும் பயின்று வருவது. பிரெஞ்சு எழுத்தாளர் தியோபில் கோத்தியே 1852-இல் வெளியிட்ட 'ஆரியா மார்செல்லா' அவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. இதனை வெறும் பேய்க்கதை என ஒதுக்குவாரோடு நாம் உடன்படுதற்கில்லை.

கதைக்கு அடிப்படையான பொருள் கற்பனையன்று. கி.பி. 79-இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது, பாம்பெய் நகர்ப்புறத்துப் பெருமனை ஒன்றின் நிலவறையில் ஒதுங்கியோர் அங்கேயே மாண்டனர். 1772-இல் அதனை அகழ்ந்தோர், பெண்ணொருத்தியின் மார்பு வடிவம் இறுகிய சாம்பலிற் பதிந்திருக்கக் கண்டனர். கதைத் தலைவன் ஒக்தாவியான் அப்பதிவை நேப்பிள்சு அருங்காட்சியகத்திற் கண்டு காமுறுகின்றான். இரவிற் பாழ்நகர் அவனுக்கு உயிர்த்தெழுகின்றது, அவளும் எதிர்ப்படுகின்றாள். கிறித்தவனாகிய அவள் தந்தை வந்து மந்திரமொழி கூற, சாம்பலும் எலும்புமாய் உதிர்கின்றாள். (தந்தைக்கு இட்ட தியோமீதசு என்னும் பெயர், அம்மனைக்கு எதிரேயுள்ள கல்லறையிற் பொறிக்கப்பட்டதே.)

இவளை அணங்கு எனக் கொள்ளலாமோ? அச்சம் பிறக்கும் நிலைக்களன்களுள் அணங்கினை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். ஆயினும் ஒப்புமை முற்றப் பொருந்தாது. அணங்கு தானே தாக்கி வருத்துவது. இவளோ அவனைத் தேடி வந்தவள் அல்லள். அவனது வேட்கையே தனக்கு உயிரளித்தது என அவள் வாயினாலேயே கூறவைக்கின்றார் ஆசிரியர். அருங்காட்சியகத்தில் இருந்தது உடலன்று. உடல் கிடந்த குழிவே. அதனை நிரப்பியவன் காண்பவன். கேடு அங்கேதான் தொடங்குகின்றது என்பது நம் துணிபு. பின்னாளில் அவனை மணந்த எல்லன் என்னும் ஆங்கில நங்கை, கணவன் உள்ளம் வேறொருத்திபால் உள்ளதை உணர்கின்றாள்; யார் என்று தேடியும் காண்கிலள். மந்திரத்தால் மறைந்த உருவைவிட இப்பேதையின் தேடலே நம்மை மிகுதியும் அஞ்சுவிக்கின்றது. இதற்கு ஆசிரியர் சில வரிகளே ஒதுக்கினார்.

குறை ஒன்று உண்டு. அந்நிலவறையிற் சிறாரும் இறந்தனர். கதையிலோ உடன்மாண்டோர் வழிகாட்டியின் பேச்சில் ஒரு தொகையாக வந்து போகின்றனர். தலைவனின் இரக்கம் அழகிக்கே உரியதாகின்றது. பியோரெல்லி என்பார் 1863-இல் இத்தகைய குழிவுகளிற் சுண்ணச்சாந்து ஊற்றி, மாண்டோரின் முழுவுருவங்களை வெளிப்படுத்தினார். முகம் பொத்தியும் உடல் முடங்கியும் கிடக்கும் அவ்வுருவங்களைக் கோத்தியே இக்கதை எழுதுங்காற் கண்டிலர்.