காட்டிக்கொடுத்தலும் ஒப்புக்கொடுத்தலும்

யூதாசு என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழர் நாவில் எழும் சொல் 'காட்டிக்கொடுத்தவன்' என்பது. விவிலியம் படியாதாரும் அறிந்த வழக்கு இது. ஆயினும், நற்செய்தி நூல்களின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் அவன் செயலைக் குறிக்கும் வினை இத்துணைக் கடுமை உடையதன்று. 'பாராதிதோமி' என்பது அவ்வினை. ஒருவர் கையினின்றும் மற்றொருவர் கைக்கு மாற்றுதல், ஒப்படைத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். வழிவழி வந்த செய்தியை அடுத்தவர்க்கு வழங்குதலையும் அதுவே குறிக்கும்.

மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதியை நோக்குக. யூதாசு இயேசுவைக் குருமாரிடம் ஒப்படைக்கிறான். குருமார் பிலாத்துவிடம் ஒப்படைக்கின்றனர். பிலாத்து சிலுவைக்கு ஒப்படைக்கிறான். மூன்றிடத்தும் வினை ஒன்றே. புராட்டஸ்டன்டு திருச்சபையார் நெடுங்காலமாக ஓதிவரும் தமிழ் மொழிபெயர்ப்பிலோ, முன்னது மட்டும் காட்டிக்கொடுத்தல். பின்னவை இரண்டும் ஒப்புக்கொடுத்தல். பழி முழுதும் யூதாசின் தலையில் விழ, மற்றவர் ஏதோ அலுவல் முறையைச் செய்து முடித்தவர்போல் தப்பிக்கொள்கின்றனர்.

பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலில் (8:32) கடவுள் தம் மகனை ஒப்படைத்தார் என்னுமிடத்தும் இவ்வினையே வருகின்றது. கொடுஞ்செயலுக்கும் பேரருளுக்கும் ஒரே வினையை ஆண்ட அம்முரணின் ஆற்றல் தமிழில் புலப்படுவதில்லை. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலிலோ (11:23) ஒரே தொடரில் அவ்வினை இருமுறை வருகின்றது: பவுல் தாம் பெற்றதைச் சபையார்க்கு ஒப்படைத்தது ஒன்று, இயேசு ஒப்படைக்கப்பட்ட இரவு மற்றொன்று. யார் ஒப்படைத்தார் என்று அங்குச் சொல்லப்படவில்லை. பவுலின் மடல்களில் யூதாசின் பெயரே இல்லை. 'காட்டிக்கொடுக்கப்பட்ட' என்று பெயர்த்ததும் யூதாசு அங்கும் வந்து நின்றுவிடுகிறான்.

அங்ஙனமாயின் பெயர்த்தோர் பிழைத்தனரா? அவ்வாறு கூறிவிட இயலாது. முத்தத்தை அடையாளமாக வைத்துப் பிடிக்கச் செய்த செயலுக்குக் 'காட்டிக்கொடுத்தல்' எத்துணைப் பொருத்தம்! இருளில் இவர்தாம் அவர் என்று காட்ட, உடனிருந்து உண்டவனாலன்றோ எளிதில் இயலும்? கிரேக்க வினையில் இல்லாத 'காட்டல்' தமிழில் நன்கு அமைந்துவிட்டது. யோவான் நற்செய்தியில் மட்டும் அது பொருந்தவில்லை. அங்கே முத்தம் இல்லை. விளக்குகளும் பந்தங்களும் ஏந்தி வந்தோர் முன் இயேசு தாமே வந்து நிற்கிறார். காட்டுதற்கு யூதாசு வேண்டியதில்லை.

துரோகி என்று பெயரிட்டு அழைக்கக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு. நற்செய்திகளில் லூக்கா அதனை யூதாசுக்கு ஒரே ஓரிடத்தில் (6:16) ஆள்கிறார். பணம், சாத்தான், பணப்பையில் திருடியவன் என்று காரணங்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. அவை பன்முறை பேசப்பட்டவை.

பேசப்படாதது மத்தேயு 27ஆம் அதிகாரத்தின் தொடக்கம். குருமார் இயேசுவைப் பிலாத்துவிடம் ஒப்படைத்த செய்தியை அடுத்தே, யூதாசு முப்பது வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொணர்ந்து, குற்றமற்ற குருதியை ஒப்படைத்துப் பாவம் செய்ததாக அதே வினையால் சொல்கிறான். அது தங்களுக்கு என்ன என்கின்றனர் குருமார். சற்றுப் பொறுத்துப் பிலாத்து தண்ணீர் கொணர்வித்துக் கை கழுவுகிறான்.