துணைப்பாடமும் தாய்மொழியும்

முதன்மையான ஒன்று இருக்கும்போதுதான் துணைக்கு இடம் உண்டு. சிங்கப்பூரில் பள்ளிப் பாடத்திற்குத் துணையாகத் தோன்றிய துணைப்பாட வகுப்போ, இன்று பல குடும்பங்களின் மாதச் செலவில் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது. புள்ளிவிவரத் துறையின் குடும்பச் செலவு ஆய்வுகளின்படி, 2012/13இல் குடும்பங்கள் இதற்குச் செலவிட்டது ஏறத்தாழ 110 கோடி வெள்ளி. 2017/18இல் 140 கோடியாகவும் 2023இல் 180 கோடியாகவும் அது வளர்ந்தது.

இதற்குப் பெற்றோரின் பேராசையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. எனினும் அது முழு உண்மையன்று. 1960இல் தொடங்கிய தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்த உயர்நிலைப்பள்ளிக்குச் செல்லலாம் என்பதை வரையறுக்கின்றது. இவ்வழுத்தத்தைக் குறைக்கக் கல்வி அமைச்சு முயலாமலில்லை. 2021இல் மொத்தப் புள்ளி முறைக்கு மாற்றாக அடைவுநிலை முறை வந்தது. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டன. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தோர் முதல் பழைய வகுப்புப் பிரிவுகளும் கைவிடப்பட்டன. ஆயினும் செலவு குறைந்தபாடில்லை. பெயர்பெற்ற பள்ளிகளில் இடங்கள் சிலவாகவே இருக்கின்றன; அண்டை வீட்டுப் பிள்ளை செல்லும் வகுப்பிற்குத் தம் பிள்ளையை அனுப்பாதிருக்கப் பெற்றோர் அஞ்சுகின்றனர்.

வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குத் துணைப்பாடம் ஊன்றுகோலாக அமைவதையும் மறுத்தற்கில்லை. 1991இல் தோன்றிய சிண்டா, குறைந்த கட்டணத்தில் வகுப்புகள் நடத்தி இந்திய மாணாக்கர் பலரைக் கைதூக்கிவிட்டுள்ளது. ஆகவே, துணைப்பாடம் முற்றிலும் வேண்டாவென்பது பொருந்தாது. எப்பாடத்திற்கு, எவ்வகையில், எதற்குத் துணையாக என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அக்கேள்வி தமிழைக் குறித்து எழும்போது கூர்மை பெறுகின்றது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் நான்கு பாடங்களுள் தாய்மொழியும் ஒன்று. ஆதலின், கணிதத்திற்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் தேடும் பெற்றோர் தமிழுக்கும் தேடுகின்றனர். கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்குப் பெற்றோரால் எப்போதும் உதவ இயலுவதில்லை. தமிழோ பல பெற்றோர் கைவசம் உள்ள செல்வம். அதனை இல்லத்தில் வழங்காமல் பூட்டிவைத்துவிட்டு, வாரத்திற்கு ஒன்றரை மணி நேரம் வெளியில் விலைக்கு வாங்குவது விந்தையன்றோ? 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இல்லத்தில் தமிழையே மிகுதியாகப் பேசியோர் சிங்கப்பூர்வாசிகளுள் 3.3 விழுக்காட்டினர், 2020இல் அது 2.5 விழுக்காடாகச் சுருங்கியது. இல்லத்தில் குறையும் தமிழை வகுப்பறை மட்டும் ஈடுசெய்ய இயலாது.

வாங்கிய தமிழின் இயல்பு மாணாக்கர் கட்டுரைகளில் புலப்படுகின்றது. கதிரவன் பொற்கதிர் வீச, பறவைகள் இன்னிசை பாடத் தொடங்கும் கட்டுரைகள் எத்தனை! அடுக்குமாடி வீட்டில் வாழும் பிள்ளை, மின்தூக்கியில் கண்டதையும் உணவங்காடியில் கேட்டதையும் எழுதாமல், மனனம் செய்த வருணனையை எல்லாத் தலைப்புகளுக்கும் பொருத்துகின்றது. மரபுத்தொடர்கள் கேட்டுப் பழகியவையாக இல்லாமல், பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டியவையாக நிற்கின்றன. வாய்மொழித் தேர்விலோ இக்குறை மறைவதில்லை. காணொளியைக் கண்டபின் தேர்வாளர் எதிர்பாராத கேள்வி ஒன்றைத் தொடுத்தால், மனனம் செய்த தொடர்கள் கைகொடுப்பதில்லை. நாள்தோறும் பேசிப் பழகிய நாவே கைகொடுக்கின்றது.

பிழை துணைப்பாட ஆசிரியருடையது மட்டுமன்று. புள்ளியைக் கொண்டே அவர் உழைப்பை மதிப்பிடும் பெற்றோர், புள்ளி தரும் வழியையே அவரிடம் எதிர்பார்க்கின்றனர். பள்ளி ஆசிரியரும் அலங்காரத் தொடர்களுக்குத் தாராளமாகப் புள்ளி வழங்கினால், அவ்வழக்கத்திற்கே உரமிட்டவராவார். தன் சொல்லில் எழுதிய எளிய வாக்கியத்தைப் போற்றும் துணிவு தமிழாசிரியருக்கு வேண்டும்.

தேர்வுக்காக மட்டும் கற்ற மொழி தேர்வோடு கைவிடப்படுகின்றது. இறுதித் தாளை எழுதி முடித்தபின் தமிழ் நூல் ஒன்றைத் தொடாத இளைஞர், நல்ல தேர்ச்சி பெற்றிருந்தும் மொழியை இழந்தவரே. உணவு மேசையில் அரைமணி நேரத் தமிழ்ப் பேச்சும், நூலகத்திலிருந்து மாதம் ஒரு தமிழ்க் கதைநூலும் கட்டணம் கேட்பதில்லை. இவை இல்லத்தில் முதன்மை பெறுமானால், துணைப்பாடம் தன் பெயருக்கேற்ப மீண்டும் துணையாக நிற்கும்.