ஆளற்ற மலையின் அழகு

ஸ்காட்லாந்தின் மலைநாட்டைக் காணச் செல்வோர், ஆளரவமற்ற பள்ளத்தாக்குகளையும் முகில் படிந்த ஏரிகளையும் கண்டு மயங்குவர். அத்தனிமையே அந்நிலத்தின் இயல்பு என்றும் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையானது; அத்தனிமையின் பெரும்பகுதி மனிதர் செய்த வினை. இதனை மறந்து ஸ்காட்லாந்தின் இலக்கியத்தை மதிப்பிடுதல் இயலாது.

1814ஆம் ஆண்டில் வால்ட்டர் ஸ்காட், தம் பெயரை மறைத்து 'வேவர்லி' என்னும் புதினத்தை வெளியிட்டார். 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்ட அந்நூல், மலைநாட்டுத் தலைவரின் வீரத்தையும் விருந்தோம்பலையும் அருவிகளின் எழிலையும் உலகறியச் செய்தது. அதே 1814இல், வடக்கே சதர்லாந்துப் பகுதியின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், ஆட்டுப் பண்ணைக்கு இடம் வேண்டிக் குடிகள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் எரியூட்டப்பட்டன.

ஸ்காட் இத்தகைய கொடுமையை உணராதவரல்லர். மலைநாடு ஆளின்றிப் போவதை எண்ணி 1816இல் ஒரு கட்டுரையில் வருந்தியவர் அவர். ஆயினும் 'வேவர்லி' வீழ்ந்த தலைவனுக்கு இரங்கியதேயன்றி, விரட்டப்படும் உழவனைக் காட்டவில்லை. குற்றம் அவருடையது மட்டுமன்று; படித்தோரும் அதனையே விரும்பினர். கிளர்ச்சிக்குப் பின் 1746இல் சட்டத்தால் தடுக்கப்பெற்று 1782இல் விடுவிக்கப்பட்ட மலைநாட்டு உடையை, 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவில் அணிந்து நின்றார். அவ்விழாவை அமைத்தவர் ஸ்காட். உடை அரசவை ஏறியது. அவ்வுடைக்குரியோர் பலர் கப்பல் ஏறினர்.

மறைக்கப்பட்ட அம்மக்களை அவர்தம் தாய்மொழியிலேயே பாடியவர், ராசே தீவில் 1911இல் பிறந்த சோர்லி மக்லேன். கேலிக் மொழியில் அவர் இயற்றிய 'ஹல்லெய்க்' என்னும் பாட்டு 1954இல் வெளிவந்தது. ஹல்லெய்க், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குடிகள் அகற்றப்பட்டுப் பாழான அத்தீவின் சிற்றூர். கவிஞர் இடிந்த சுவர்முன் நின்று ஒப்பாரி வைக்கவில்லை. மாண்ட கன்னியர் அங்கே மரங்களாகி நடந்து வருகின்றனர். காலம் மானாக உலவுகிறது. மரம் எது, மகள் எது எனப் பிரிக்க இயலாது. உரிப்பொருள் இன்றேல் நிலமும் பொழுதும் வெறுங்காட்சியே என்பதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இப்பாட்டின் உயர்வு எளிதில் விளங்கும். ஊர்ப்பெயரும் குடிப்பெயரும் செறிந்திருத்தலால் அயலார்க்கு உரை வேண்டும் என்பது ஒரு குறையே. ஆயினும் அப்பெயர்களன்றோ அங்கே மக்கள் வாழ்ந்தமைக்குச் சான்று!

மக்லேன் கவிஞர் மட்டுமல்லர். பிளாக்டன் ஊர்ப் பள்ளியில் 1956 முதல் 1972 வரை தலைமையாசிரியராகவும் பணிபுரிந்தவர். கேலிக்கைத் தாய்மொழியாகப் பெறாத மாணவரும் அதனைக் கற்றுத் தேர்வு எழுதுதற்கு வழி வேண்டும் என இடைவிடாது முயன்று வென்றார். நிலத்தை இழந்த மக்கள் மொழியையும் இழப்பாராயின், 'ஹல்லெய்க்' போன்ற பாட்டும் ஆளற்ற ஊராகிவிடும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார் போலும்.