சாம்பிள் பார்க்காத ஆர்டர்

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் எப்படி நகர்கிறது என்று பார்த்தவருக்கு வாட்டர்ஃபால் முறையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுக்கிறார்கள். கிரே துணி சாயத்துக்குப் போகிறது. காம்பாக்டிங் முடிந்து வந்தபின் கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். முந்தைய கட்டம் முடியாமல் அடுத்ததற்கு வேலை இல்லை; வெட்டிய துணியை மறுபடி ரோலாகச் சுருட்டவும் முடியாது. தேவைகளைக் கேட்டு எழுதுவது, வடிவமைப்பது, நிரல் எழுதுவது, சோதிப்பது, ஒப்படைப்பது என்று ஒரே திசையில் இறங்கும் மென்பொருள் முறையும் இதே ஒழுங்கில்தான் இருக்கிறது. அதனால்தான் கம்பெனியின் இருப்பு, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனிக்கும் இ.ஆர்.பி. மென்பொருளை விற்க வருகிறவர் கட்டம் கட்டமாகத் தேதி போட்ட அட்டவணையை விரிக்கும்போது கம்பெனி முதலாளிக்கு அது பழகிய சங்கதியாகத் தெரிகிறது. அந்தப் பழக்கம்தான் அவரை ஏமாற்றுகிறது என்பது என் கட்சி.

ஏனென்றால், துணி ஆர்டர் நூல் வாங்குவதில் தொடங்குவதில்லை. அதற்கு முன்பே ஒரு போக்குவரத்து நடந்து முடிந்திருக்கும். பையர் கேட்ட ஷேடுக்குச் சாயப்பட்டறை லேபில் உள்ளங்கை அகலத் துணியில் மூன்று நான்கு விதமாகச் சாயம் போட்டு, ஏ, பி, சி என்று அட்டையில் ஒட்டி அனுப்புகிறார்கள். இதுதான் லேப் டிப். பையர் ‘பி’ என்று சொல்லலாம். மூன்றும் வேண்டாம், சிவப்பைக் குறைத்துப் போடுங்கள் என்றும் சொல்லலாம். மறுபடி போடுவார்கள். பிறகு ஃபிட் சாம்பிள், சைஸ் செட். கடைசியில் ஆர்டருக்குரிய அதே துணி, அதே லேபிள், அதே பட்டனோடு தைத்த பி.பி. (ப்ரீ-புரொடக்ஷன்) சாம்பிள். அதற்கு அப்ரூவல் வராமல் கட்டிங் டேபிளில் துணி விரிக்கக் கூடாது. (அவசரத்தில் விரிப்பவர்களும் உண்டு. கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பிக் காசு கட்டியவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.) கீழே ஒரே திசையில் இறங்குவதற்காக மேலே எத்தனை முறை வேண்டுமானாலும் முன்னும் பின்னும் போய்வருவதுதான் திருப்பூர் முறை.

விசித்திரம் என்னவென்றால், வாட்டர்ஃபாலுக்கு மூலம் என்று பாடப்புத்தகங்கள் காட்டும் கட்டுரையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. விண்கலத் திட்டங்களுக்கு மென்பொருள் செய்து அனுபவப்பட்ட வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் எழுதியது அது. கட்டங்கள் படிப்படியாக இறங்கும் படத்தை வரைந்துவிட்டு, சோதனை கடைசியில் வருவதால் இப்படியே செய்வது ஆபத்து என்று அங்கேயே எழுதுகிறார். புதிய வகை மென்பொருள் என்றால் முதலில் சின்ன அளவில் ஒருமுறை செய்து பாருங்கள், வாடிக்கையாளர் கையில் கொடுப்பது இரண்டாவதாகச் செய்ததாக இருக்கட்டும். வாடிக்கையாளரையும் இடையிடையே உள்ளே கொண்டுவாருங்கள் என்கிறார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டு மற்ற பக்கங்களை விட்டுவிட்டது. 1985-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட 2167 என்ற தரநிலையும் ஏறக்குறைய அந்தப் படத்தின் வழியிலேயே ஒப்பந்தங்களை நடத்தவைத்தது.

அந்தப் படம் இங்கே வந்து சேரும்போது என்ன ஆகிறது? நான் அருகிலிருந்து பார்த்த ஒரு கம்பெனியில், தேவைகளைப் பட்டியலிட்ட தடிமனான ஆவணத்தில் முதலாளியும் அக்கவுண்டன்டும் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டோர்காரரையும் கட்டிங் மாஸ்டரையும் யாரும் கேட்கவில்லை. மாதங்கள் கழித்து மென்பொருளின் திரை வந்தது. துணி இருப்பை மீட்டரில் கேட்டது. பின்னலாடைத் துணி கிலோவில் புழங்குவது. மீட்டர் என்பது தறித்துணிக்காரர்களின் கணக்கு. அதைத் திருத்தியதும் அடுத்த சிக்கல். சாயத்துக்கு 300 கிலோ போனால் 300 கிலோ திரும்பி வராது. பிராசஸ் லாஸ் போக வந்ததைப் பதிவு செய்தால், மீதிக் கிலோ இன்னும் சாயப்பட்டறையில் நிற்பதாகவே மென்பொருள் காட்டியது. ஸ்டோர்காரர் பழைய நோட்டையே எடுத்துக்கொண்டார். ஆவணத்தில் இல்லாததைச் சேர்க்கத் தனிக் கட்டணம் என்றது மென்பொருள் நிறுவனம். கையெழுத்து இருக்கிறதே, சட்டப்படி அவர்கள் பேச்சு சரிதான்! லேப் டிப் மாதிரி ஒரே ஒரு திரையை முதல் மாதமே ஸ்டோரில் வைத்திருந்தால், முதல் லாட் சாயத்திலிருந்து திரும்பிய அன்றே இரண்டு சிக்கலும் தெரிந்திருக்கும்.

எழுதிக் கையெழுத்திட்டது சரியாகவே இருந்தாலும் வெளியுலகம் காத்திருப்பதில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கூலிக்கு ஆடை தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க்குக்கு 18 சதவீதம். ஆகஸ்டிலேயே அது 5 ஆனது. 2018 பிப்ரவரி 1-ல் தொடங்கிய இ-வே பில் முறை, முதல் நாளே இணையதளம் படுத்துவிட்டதால் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. ஜாப் வொர்க்குக்குப் போய்வரும் சரக்குக்கான ஐ.டி.சி.-04 படிவம் காலாண்டுக்கு ஒருமுறை என்றிருந்தது, 2021 அக்டோபர் முதல் விற்றுமுதலைப் பொறுத்து அரையாண்டு அல்லது ஆண்டு என்று மாறியது. ஒரு டி-சர்ட்டுக்குள் நாலைந்து ஜாப் வொர்க் இருக்கும் ஊரில் இவையெல்லாம் ஓரத்து விஷயங்கள் அல்ல.

இதனால் வாட்டர்ஃபால் முறையே தவறு என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. நிரல் எழுதிய பையன் கோயமுத்தூருக்கோ பெங்களூருக்கோ வேலை மாறிப் போய்விடுகிறான். அவன் போன பிறகு கம்பெனியிடம் மிஞ்சுவது அந்த ஆவணம் மட்டுமே. வாரம் ஒரு திரை காட்டுகிறோம், போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வருகிற அஜைல்காரர்களிடம் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் நேர்ப் பதில் வராது. ஷிப்மென்ட் நெருக்கடியில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார மெர்ச்சண்டைசருக்கும் முடியாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போல் விதி வெளியே எழுதிக் கிடக்கும் வேலைகளுக்கு எழுதி வைத்துக் கட்டுவதே சிக்கனம். ஆனால் அதே சம்பளப் பகுதியில் ஒன்றரை ஷிப்ட், பீஸ் ரேட், சனிக்கிழமைப் பட்டுவாடா என்று வந்துவிட்டால் முதலில் சாம்பிள் பார்த்தே தீர வேண்டும். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றும் நாளுக்கோ கண்டிப்பான வரிசை வேண்டும். அது துணி வெட்டுகிற வேலை, திரும்ப வழியில்லை.

சாம்பிளுக்குக் காசு யார் கொடுப்பது என்பதில்தான் பேச்சு முட்டி நிற்கிறது. துணியில் அந்தச் செலவை எக்ஸ்போர்ட்டர் பெரும்பாலும் பீஸ் விலைக்குள் வைத்துச் சமாளித்துவிடுகிறார். மென்பொருள் கொட்டேஷனில் அப்படி ஒரு வரி இருப்பதில்லை. ‘முதல் மாதிரி, திருத்தத்துக்கு உட்பட்டது’ என்று எழுதி அதற்கொரு தொகை போடும் நிறுவனம், போடாத நிறுவனத்தைவிடக் கூடுதல் விலை சொன்னதாகிவிடுகிறது. தன் பையரிடம் சாம்பிள் செலவுக்காக வாதாடுகிற முதலாளி, இந்தப் பக்கம் பையராக உட்காரும்போது குறைந்த கொட்டேஷனில்தான் கையெழுத்துப் போடுகிறார்.