கதவைத் திறக்காத கைவேலை

இருங்காட்டுக்கோட்டைத் தளம் வருவதற்கு முன், சென்னைப் பக்கம் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். போர்க்கால விமான ஓடுதளத்தில், தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டிக் கொண்டுவந்தவர்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. குடும்பப் படங்களையும் கடவுச்சொற்களையும் எந்தக் கம்பெனியிடமும் ஒப்படைக்காமல், வீட்டிலேயே சர்வர் வைத்து நடத்துகிறவர்கள்மேல் எனக்கு அதே மதிப்பு உண்டு.

நிறுவுவது இன்று பெரிய காரியம் இல்லை. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி, கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், படங்களுக்கு இம்மிச். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தமிழில் வழிகாட்ட 2012 முதல் கணியம் மின்னிதழ் இருக்கிறது. கைத்திறன் தெரிவது அதற்குப் பிறகுதான்.

வெளியூரிலிருந்து வீட்டுப் பெட்டியைத் தொடுவதுதான் முதல் சிக்கல். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஐபிவி4 முகவரிக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், வெளியிலிருந்து யாரும் நேராக நம் வீட்டுக்கு வர முடியாது. இதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் தரும் விடை எனக்கு அலுப்பதே இல்லை. சுமார் 4000 வரிகளில் எழுதப்பட்டு, 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்த நிரல் அது. வாடகைக்கு எடுத்த சிறு சர்வர் ஒன்றை நோக்கி வீட்டுப் பெட்டியே உள்ளிருந்து இணைப்பைத் தொடங்குகிறது. நம் போன் அந்த வழியாக வந்து சேருகிறது. ரூட்டரில் ஒரு போர்ட்டைக்கூடத் திறக்கவில்லை.

வாடகை சர்வர் எட்டிப் பார்க்காதா? ஹெச்டிடிபிஎஸ் சாவியை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பார்க்க முடியாது. சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. டொமைன் நம்முடையது என்பதை டிஎன்எஸ் பதிவிலேயே காட்டிவிடலாம் என்பதால் அதற்கும் கதவு திறக்க வேண்டியதில்லை. நடுவிலிருப்பது சுமக்கும், படிக்காது. இந்த அமைப்பைச் சரியாகச் செய்தவரைப் பார்த்தால் கைகுலுக்கத் தோன்றும்.

மின்வெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: எஸ்டி கார்டை நம்பாமல் எஸ்எஸ்டி, பெட்டிக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ்.

வெள்ளம் வேறு விஷயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தை நனைத்த விதத்தைப் பார்த்தவர்கள், ஏரிக்கரை ஊரில் ஒரே ஒரு பிரதியை வைத்திருக்க மாட்டார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர். வேறிடம் என்பது கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அக்கா வீடாகவும் இருக்கலாம். மறையாக்கம் செய்து அனுப்பினால் போதும். அந்தப் பிரதியிலிருந்து ஒரு படத்தையாவது மீட்டுப் பார்க்காதவரின் பேக்அப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தேர்ந்தவர்கள் பெரும்பாலும் மின்னஞ்சலை வீட்டில் வைப்பதில்லை. வீட்டு இணைப்புகளில் போர்ட் 25 பெரும்பாலும் அடைபட்டிருக்கும். வீட்டு முகவரிகளைத் தடைப்பட்டியல்கள் மொத்தமாகவே சந்தேகிக்கும். ரிவர்ஸ் டிஎன்எஸ் நம் கையில் இருக்காது. எல்லாம் முயன்று அனுப்பிய கடிதம் ஸ்பாமில் விழும். அதனால் சொந்த டொமைன் வாங்கி, அஞ்சலை மட்டும் கட்டணச் சேவை ஒன்றில் வைக்கிறார்கள். சேவை பிடிக்காமல் போனால், அஞ்சலை எங்கே சேர்ப்பது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி, அதே முகவரியோடு வேறிடம் போய்விடலாம்.