விலையும் முகமும்: இலங்கையில் நிழற்படத் தொழில் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு நாவலை ஆராயப் புகும் விமர்சகன், அதனை எழுதியவர் யார், அச்சிட்டவர் யார், வாங்கிப் படித்தவர் யார் என வினவுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. நிழற்படத்தைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. அதைப் பற்றி எழுதுவோர் ஒளியையும் கோணத்தையும் வியப்பர். அன்றேற் கருவியின் வளர்ச்சியை வரிசைப்படுத்துவர். படமெடுத்தவன் எதனைக் கொண்டு சீவித்தான், அவனுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பன கலைக்குப் புறம்பான சங்கதிகளாகத் தள்ளப்படுகின்றன. ஆயின் நிழற்படம் தன் இளமையிலிருந்தே சந்தையில் வளர்ந்த கலையாகும். 1839 இல் டகேரின் முறையைப் பிரெஞ்சு அரசு உபகாரச் சம்பளம் கொடுத்துப் பெற்றே உலகுக்கு வெளியிட்டது. 1854 இல் டிஸ்டெரி என்பவர், ஒரே தகட்டிற் பல உருவங்களைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபோது, முகம் டசின் கணக்கில் விற்கப்படும் பண்டமாயிற்று.

இத்தொழிலின் நடைமுறையை அறியாமற் படத்தை வாசித்தல் இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு எமது மலையகத்தின் பழைய படங்களை எடுத்துக்கொள்ளலாம்.

1860களிற் கொழும்பிலே தொழில் நடத்தத் தொடங்கிய டபிள்யூ. எல். எச். ஸ்கீன், 1870களிற் கண்டியில் ஸ்ரூடியோ திறந்த சார்ள்ஸ் ஸ்கோவன், 1890 இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் ஆகியோர் கோப்பி, தேயிலைத் தோட்டங்களைத் தொடர்ந்து படமெடுத்தனர். (ஸ்கீனின் தந்தையார் அரசாங்க அச்சகராயிருந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.) வாங்கியோர் துரைமாரும், கப்பலில் வந்திறங்கிய பிரயாணிகளும், இங்கிலாந்திலிருந்த அவர்தம் உறவினருமே. எனவே கொழுந்து பறிக்கும் பெண், கண்டிப் பிரதானி, பேராதனைப் பூங்கா, யானை என்பன ஒரே அல்பத்தில் அடுத்தடுத்து வந்தன. தோட்டத் தொழிலாளியும் ஓர் இயற்கைக் காட்சியானான்.

1851 இல் அறிமுகமான ஈரத்தகட்டு முறையே ஏறத்தாழ 1880 வரை ஆட்சி செலுத்தியது. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனேயே கழுவியாகவேண்டும். ஆகவே இருட்டறையும் கூடாரமாக உடன் செல்லவேண்டும். கமரா, தகடுகள், இரசாயனப் புட்டிகள், நீர் யாவும் மலையேற வேண்டுமெனில் அவற்றைச் சுமக்கத் தோள்கள் வேண்டும். அத்தோள்கள் எந்தப் படத்துக்கும் கருப்பொருளாயின அல்ல.

இதனிலும் முக்கியமான விடயம், ஒளிபடவிடும் நேரம். பல விநாடிகள் அசையாது நின்றாலன்றி உருவம் தெளிவாகப் பதியாது. எனவே அக்காலத்து ‘வேலைக் காட்சி’ எனப்படுவது உண்மையில் வேலையை நிறுத்திவிட்டு நின்றவர்களின் காட்சியாகும். நாட்கூலிக்கு நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் ஒரு கூட்டத்தைப் படப்பிடிப்பாளன் தன்னிச்சையாக நிறுத்திவைத்திருக்க முடியுமா? துரையின் சம்மதமும் கங்காணியின் அதட்டலும் இன்றி அது நடந்திராது. வால்டர் பெஞ்சமின் 1931 இல் நிழற்படம் பற்றி எழுதிய கட்டுரையிற் பிறெக்ற்றின் கருத்தொன்றை எடுத்தாள்கிறார். ஒரு தொழிற்சாலையின் படம் அங்குள்ள உறவுகளைப் பற்றி ஏறக்குறைய எதையுமே உணர்த்தாது என்பது அதன் சாரம். பெரிதும் ஏற்கத்தக்க கருத்தே. ஆயினும் தொழிலின் நுட்பத்தை அறிந்து பார்ப்பவனுக்குப் படம் முற்றிலும் ஊமையன்று. சொல்லிவைத்தாற்போல விறைத்து நிற்கும் பத்துப் பெண்களும், அசைந்துவிட்டதால் மங்கலாய்ப் பதிந்த ஒரு குழந்தையின் கையும், அங்கு கட்டளையிட்டவர் ஒருவர் இருந்தார் என்பதை எமக்குக் கூறிவிடுகின்றன.

ஜூலியா மாகிரட் கமரனின் இலங்கைப் படங்களையும் இவ்வாறே நோக்கவேண்டும். அவர் ஸ்ரூடியோ நடத்தியவரல்லர். எனினும் தம் படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்து, இலண்டனிற் கொல்நாகி நிறுவனத்தின் மூலம் விற்றவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த தெனிசன், ஹேர்ஷல், டார்வின் ஆகியோரின் முகங்கள் பெயரோடு நிலைத்தன. கன்னி மரியாளாகப் பலமுறை வேடம் புனைந்த அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர்கூட எமக்குத் தெரியும். 1875 இல் இலங்கை வந்த பின்னர் அவர் எடுத்த சில படங்களிலுள்ள தொழிலாளரும் கிராமத்தவரும் பெரும்பாலும் பெயரற்றவர்கள். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், எமது பாடநூல்கள் கூறும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரனே. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டுக் கூலியுழைப்புக்கு வழி திறந்ததில் அவ்வாணைக்குழுவுக்குப் பங்குண்டு. பின்னர் அவரே கோப்பித் தோட்டச் சொந்தக்காரராகவும் இருந்தார். இதைக்கொண்டு அப்பெண்மணியின் கலையை நிராகரித்தல் கொச்சையான சமூகவியலாகும். அவருடைய இலங்கைப் படங்களிற் சிலவற்றில் அமர்ந்திருப்போர் கமராவை நேர்கொண்டு பார்க்கும் பார்வையில், பிளாட்டேயின் தபாலட்டைகளில் நான் காணாத ஒரு கனதி உண்டு. ஆயினும் பெயர் கேட்கப்படவில்லை.

வருவாய்க்காக உழைக்காத கலைஞன் இத்தளைகளிலிருந்து விடுபட்டவன் எனச் சிலர் வாதிடலாம். லயனல் வெண்ட் (1900–1944) இதற்கு உதாரணமாகக் காட்டப்படுவதுண்டு. சட்டமும் பியானோவும் பயின்று, 43 குழுவின் உருவாக்கத்திலே பெரும்பங்கு வகித்த அவரை உருவவாதி என ஒரே சொல்லில் ஒதுக்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உழைப்பாளியின் உடலை அழகின் உறைவிடமாக அவரளவுக்குக் கண்டவர் அன்று இங்கு வேறெவரும் இலர். ஆனால் அவ்வுடலின் கூலி படத்தின் சட்டகத்துக்கு வெளியே நின்றது. ஓய்வு நேரம் என்பதும் எவரோ உழைத்துத் தந்ததே.

உண்மையான மாற்றம் வேறிடத்தில், எவரும் கலையென மதியாத இடத்தில் நிகழ்ந்தது. சிறுநகரங்களின் ஸ்ரூடியோக்களையே குறிப்பிடுகிறேன். சீலையிலே தீட்டிய மாளிகை, கடனாக மாட்டிய கோட்டு, மேசைமேற் காகிதப் பூ ஆகியவற்றைக் குட்டிபூர்சுவாப் போலித்தனம் என நானும் ஒருகாலத்தில் எள்ளியதுண்டு. அக்கணிப்பு தவறு. லயத்திலிருந்து சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு பட்டினத்துக்கு இறங்கி வந்து, குடும்பமாக நின்று, தன் கைக்காசு கொடுத்துப் படம் எடுத்தவன், படத்திலிருப்பவனே படத்தை வாங்குபவனுமானான். அவன் இங்கு வேலையை நிறுத்தி நிற்கவில்லை. தானாகவே வந்து நிற்கிறான். கோட்டு இரவலாக இருக்கலாம். நிற்கும் முடிவு அவனுடையது. நெகட்டிவில் ஊசிமுனைப் பென்சிலால் முகத்தழும்பை மறைத்த ஸ்ரூடியோக்காரனும் இவ்வகையில் அவனுடைய கூட்டாளியே.

1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, அரசும் இத்தொழிலின் மறைமுக வாடிக்கையாளராயிற்று. நேர்முகம், வெறும் பின்னணி, சிரிப்பின்மை என்னும் ஒழுங்கு வந்தது. கலியாணமில்லாத மாதங்களில் ஸ்ரூடியோவைக் காத்தவை இச்சிறு படங்களே. மனிதரைக் கண்காணிக்கும் பொருட்டுக் கேட்கப்பட்ட அதே படம், பிற்காலத்தில் வேறொரு பயனையும் பெற்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்ந்து நடத்திய போராட்டங்களில் ஏந்தியிருந்தவற்றுட் பல இத்தகைய ஸ்ரூடியோப் படங்களின் பெருப்பிப்புகளே. இங்கே ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் உண்டு.

ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் படங்கள் வெளிநாட்டு நூலகங்களிலே பட்டியலிடப்பட்டுப் பேணப்படுகின்றன. ஏலத்தில் விலையும் போகின்றன. எமது சிறுநகர ஸ்ரூடியோக்களின் நெகட்டிவுகளோ 1983 இன் தீயிலும், 1995 இன் இடப்பெயர்விலும், பின்னர் டிஜிட்டல் கமரா வந்து கடைகள் மூடப்பட்டபோதும் அழிந்தன. யாழ்ப்பாண நூலகத்தின் இழப்பை நாம் தொகையிட்டு எழுதியுள்ளோம். இதனை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எஞ்சியுள்ள கடைகளின் பதிவுக் கொப்பிகளையாவது, முதிய படப்பிடிப்பாளர்களின் வாய்மொழிகளோடு சேர்த்துத் திரட்டும் பணியை எமது பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாற்றுத் துறைகள் மேற்கொள்ளலாம். வீடுகளில் இருக்கும் பழைய படங்களின் பின்புறத்திற் பென்சிலால் எழுதிய ஓர் எண் பெரும்பாலும் இருக்கும். மறுபிரதி வேண்டுவோர் அதைச் சொன்னாற் போதும் என்பது அன்றைய ஏற்பாடு. அவ்வெண்களிலிருந்தே தொடங்கலாம்.